போர்த்கைன் கப்பல்துறையை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

வேல்ஸின் மேற்குக் கரையில், பெம்ப்ரோக்‌ஷயரில் உள்ள போர்த்கைன் துறைக்கு வருபவர்கள் கீழே நின்று அந்தப் பெரிய செங்கல் சுவரைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அது பழைய கோட்டை போலத்தான் தெரியும். குன்றின் மேல் வெட்டிய கல் கப்பலுக்கு வந்த வழியிலேயே நீங்களும் இறங்கி வந்தால்தான் இடம் புரியும்.

கிளம்பும் முன் இணையத்தில் பிரிட்டனின் அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தை எடுத்து, தண்டவாளக் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பழஞ்சின்னங்களைப் பதிவுசெய்யும் வேல்ஸ் அரச ஆணையத்தின் ‘கோஃப்லைன்’ (Coflein) இணையதளமும் உதவும். கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் பாருங்கள். அது கிரீன்விச் நேரத்தில் இருந்தால், கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். வற்றத்தில் துறை வறண்டுவிடும். சுவரின் அடிப்பகுதியைக் காண அதுவே நல்ல நேரம்.

மேற்குப் பக்கப் படிகளில் ஏறிக் குன்றின் மேல் தொடங்குங்கள். டோலரைட் என்னும் கடினமான எரிமலைவகைக் கல் வெட்டிய குழியும் தண்டவாளம் ஓடிய மட்டமான தடமும் அங்கே உண்டு. விளிம்பை நெருங்காதீர்கள், அடி அரித்த பாறை அது. அந்தத் தடத்தில் வந்த கல், நொறுக்கப்பட்டு ஜல்லியாகி, அளவுவாரியாகப் பிரிந்து செங்கல் தொட்டிகளில் விழுந்தது. நீங்கள் கீழே பார்த்த ‘கோட்டை’ அதுதான். கப்பல் வரும்வரை சரக்கு அங்கே காத்திருக்கும். வந்ததும் சரிவுப் பாதை வழியே தன் எடையிலேயே இறங்கும். சுவர் தடிமனும் முட்டுச்சுவர்களும் எதற்கு என்பது இப்போது விளங்கும்: உள்ளே குவிந்த ஜல்லி சுவரை வெளிப்பக்கம் தள்ளும்.

செங்கலையும் நெருங்கிப் பாருங்கள். இங்கேயே, கற்பலகை (ஸ்லேட்) குவாரியின் கழிவை அரைத்துச் சுட்டது. ஒரு தொழிலின் குப்பை அடுத்த தொழிலின் சுவரானது என்பதே இந்தத் துறையின் தனிச்சிறப்பு என்பேன். மாலைச் சாய்வெயிலில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்தால் மேடுபள்ளம் தெளிவாக விழும்.

இதுபோன்ற பழைய சுவரில் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது பெரிய தவறு. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலுக்குள் தங்கும். கடலுப்பு படிகமாகிச் செங்கலின் மேற்பரப்பை உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும்.

1931-இல் வேலை நின்றது. இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் உதிர்ந்த செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள்.