ஸ்மார்ட் போர்டில் அறிவியல்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் ஜனவரி மாதம் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "பூமி அப்போ சூரியனை விட்டுத் தள்ளிப் போயிடும் மேம்" என்று நாலைந்து கைகளாவது உயரும். உண்மையில், நாம் ரஜாயை (கனத்த பஞ்சுப் போர்வையை) விட்டு எழ மனமில்லாமல் கிடக்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் அது 15.2 கோடி.

இந்தத் தப்பெண்ணத்தை வளர்ப்பதில் வீடியோவுக்கும் பங்கு உண்டு. பல அனிமேஷன்களில் பூமியின் பாதை முட்டை வடிவில் நீண்டு கிடக்கும். நிஜத்தில் அது ஏறக்குறைய வட்டம்தான். ஆனால் ஆசிரியர் வாயால் சொன்னதைவிட, திரையில் சுழன்றதுதான் மனதில் நிற்கும். எந்தப் படம் போட்டாலும், அதில் எது அளவுப்படி இல்லை என்பதை ஓடவிடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

அணுவின் படமும் அப்படித்தான். உட்கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தால், அணுவை ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு வரைய வேண்டியிருக்கும். எந்தத் திரையிலும் அது அடங்காது. மின்சாரப் பாடத்தில் எலக்ட்ரான்கள் கம்பிக்குள் பறப்பதுபோல் காட்டுகிறார்கள். பேட்டரி இணைத்த சாதாரணச் சுற்றில் அவை நகரும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஸ்விட்ச் போட்டவுடன் பல்பு எரிவதற்குக் காரணம், மின்புலம் கம்பி நெடுகச் சட்டென்று பரவிவிடுவதுதான்.

அடுத்த தவறு, கையால் செய்து பார்க்கக்கூடியதையும் திரையிலேயே முடித்துவிடுவது. பருவகாலத்துக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. இதற்கு ஒரு மீட்டர் குச்சியும் பள்ளி மைதானமும் போதும். குச்சியைச் செங்குத்தாக நட்டு உச்சிவேளையில் நிழலை அளக்கச் சொல்லுங்கள் (டெல்லியில் அது கடிகாரப்படி பகல் 12.20 வாக்கில் வரும்). டிசம்பர் 22 அன்று நிழல் 1.28 மீட்டர் வரை நீளும். ஜூன் 21 அன்று வெறும் 9 சென்டிமீட்டர்.

ஜூனில் விடுமுறையாயிற்றே என்றால், டெல்லியில் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. பாதிப் பேர் தமிழ்நாட்டில் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். டெல்லியில் உச்சி நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும். சென்னையில் ஜூன் 21 அன்று தெற்கே, சுமார் 18 சென்டிமீட்டர் விழும். தாத்தா வீட்டு மொட்டை மாடியில் அளந்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போடட்டும். அதற்குப் பிறகு அனிமேஷனைக் காட்டினால், சாய்வு என்பதன் பொருள் அவர்களுக்கே பிடிபடும்.

குரலும் எழுத்தும் ஒன்றாக ஓடுவதையும் கவனிக்க வேண்டும். விவரிப்புக் குரல் ஒலிக்கும்போது அதே வாக்கியங்கள் திரையிலும் ஓடினால், கண் படத்தை விட்டு எழுத்துக்குப் போய்விடும். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். அதற்காக எழுத்தே கூடாது என்பதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு முக்கியமான கலைச்சொற்கள் கண்முன் இருக்கத்தான் வேண்டும். அந்த நாலைந்து சொற்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, வீடியோவின் ஒலியை அணைத்து நீங்களே பேசுங்கள். உங்கள் வகுப்பு எங்கே திணறுகிறது என்பது அந்தக் குரலுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம். இருபது நிமிட வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டாமல், மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி கேளுங்கள். நெட்டை நம்பாமல் முந்தின நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள்.

கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது அளவுகளைத் திரையில் நாமே நகர்த்தி மாற்றிப் பார்க்கும் கணினி மாதிரிகளை, பல ஆசிரியர்கள் இப்போது பயன்படுத்துகிறார்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. அதையும் சிலர் வீடியோ போலவே ஆக்கிவிடுகிறார்கள். ஆசிரியரே நகர்த்த, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். மின்தடையை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் என்ன ஆகும் என்று முதலில் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள்.