தனியாகப் படித்து குரூப் 4 எழுதுபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பயிற்சி மையத்துக்குப் போகாமல், வீட்டிலோ நூலகத்திலோ உட்கார்ந்து படித்தே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தேறிவிடலாமா? தாராளமாகத் தேறலாம். பத்தாம் வகுப்புத் தரத்தில் நடக்கும் தேர்வு அது. பெரும்பாலான கேள்விகள் பள்ளிப் பாடநூல்களை ஒட்டியே வருகின்றன. அந்த நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் படித்தது மனத்தில் நின்றதா என்று கேட்க ஆள் இல்லை. தனியாகப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு குறையிலிருந்தே வருகின்றன.

“மூன்று முறை ரிவிஷன் முடித்துவிட்டேன்” என்பவரிடம் புத்தகத்தை மூடச் சொல்லி, எழுபத்து மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஊராட்சி என்ற சொல் உடனே வந்துவிடும். அதற்கு மேல் தடுமாற்றம்தான். 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கானது. பகுதி 9, பதினோராவது அட்டவணை, 29 பொருள்கள். 74-வது திருத்தம் நகராட்சிகளுக்கானது. பகுதி 9ஏ, பன்னிரண்டாவது அட்டவணை, 18 பொருள்கள். இரண்டுமே 1992-ஆம் ஆண்டுத் திருத்தங்கள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கேள்வித்தாளில் “பன்னிரண்டாவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன” என்று ஒரு கூற்று வந்தால், அதுவும் படித்த மாதிரியே தோன்றும். கேள்வி எடுப்பவர் வலை விரிப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரே வழி, ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதுவது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மீண்டும் எழுதிப் பாருங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், சலிப்பும் தட்டும். மஞ்சள் பேனாவால் வரிக்கு வரி கோடு போடுவதில் இருக்கும் சுகம் இதில் இல்லை. ஆனால் தேர்வறையில் கைகொடுப்பது இந்த எழுத்துதான்.

அடுத்தது தமிழ். மொத்தம் 200 கேள்விகளில் 100 தமிழ். 300 மதிப்பெண்ணில் 150. அந்தப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற 100 கேள்விகளின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். இவ்வளவு தெரிந்தும், “தமிழ்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். பேசும் மொழி என்ற தைரியம் வேர்ச்சொல் கேள்வியிலேயே ஆட்டம் காணும். “கண்டான்” என்பதற்கு வேர்ச்சொல் கேட்டால் அவசரத்தில் “கண்டு” என்று குறித்துவிட்டு வருவார்கள், விடை “காண்”. சந்திப்பிழை, ஒருமை பன்மைப் பிழை, எதிர்ச்சொல் எல்லாமே தினசரிப் பயிற்சியில் மட்டுமே கைவருபவை. முதல் நாளிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் தமிழுக்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

கணக்கிலும் இதே கதைதான். 25 கேள்விகள், 37.5 மதிப்பெண். யூடியூபில் ஒருவர் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரிகிறது. பேனா எடுத்தால் ஓடவில்லை. இரண்டு ஆண்டுக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் காண, வட்டி வீதத்தை நூறால் வகுத்து, வர்க்கப்படுத்தி, அசலால் பெருக்கினால் போதும். 8,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 20 ரூபாய். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ததோடு நிறுத்தாமல், பத்துக் கணக்காவது சொந்தக் கையால் போட்டுப் பழக வேண்டும்.

அண்ணனோ அக்காவோ விட்டுச்சென்ற பழைய கைடை அப்படியே நம்ப வேண்டாம். 2025 தேர்வுக்கு முன்பே பாடத்திட்டம் திருத்தப்பட்டுவிட்டது. தேர்வாணைய இணையதளத்தில் இருப்பதை அச்செடுத்து மேசையில் ஒட்டிக்கொண்டு, அதில் இருப்பதை மட்டும் படியுங்கள். டெலிகிராமில் வந்து குவியும் பிடிஎஃப்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: சேமித்தது படித்ததாகாது. நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழும் ஒரு மாதத் தொகுப்பும் போதும்.

மாதிரித் தேர்வு எழுதிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதோ நொந்துபோவதோ பெரும் வீண். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதுங்கள். படிக்காததா, படித்தும் மறந்ததா, “தவறானது எது” என்பதைச் “சரியானது எது” என்று வாசித்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடைசி வகை அதிகம் என்றால், இன்னும் நான்கு புத்தகம் படித்தாலும் மதிப்பெண் ஏறாது.

கைபேசியிலேயே தேர்வு எழுதிப் பழகுவதும் ஆபத்து. உண்மைத் தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை, ஒரு கேள்விக்கு 54 விநாடி, வட்டத்தைக் கருப்பு மைப் பேனாவால் நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து, அதே நேரத்தில், அதே பேனாவுடன் சிலமுறையாவது உட்காருங்கள். ஐந்தாவது வட்டம் “விடை தெரியவில்லை” என்பதற்கானது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், நான்கில் ஒன்றைக் குறிப்பதே லாபம்.

படிப்போடு சம்பந்தமில்லாத ஒரு தவறும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு; குரூப் 4-க்கு முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளில் படித்தவர் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். பயிற்சி மையத்தில் இருப்பவருக்கு இதை யாராவது நினைவூட்டுவார்கள்; தனியாகப் படிப்பவர் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காமல், பள்ளி திறந்திருக்கும் ஒரு நாளில் போய்த் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.