நாய்க்குட்டி வாங்குமுன் தாய் நாயைப் பாருங்கள்

நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன், குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயோடு சேர்த்துப் பாருங்கள். "ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொறுப்பாக வளர்ப்பவர் தாயை மறைக்க மாட்டார். எட்டு வாரக் குட்டிகளின் தாய்க்கு மடி இன்னும் தொங்கலாக இருக்கும், குட்டிகளும் தாயை அடையாளம் கண்டு அதனிடம் ஓடும். பக்கத்து வீட்டு நாயைக் காட்டி ஏமாற்றுவது கஷ்டம். தாய் எலும்பும் தோலுமாக இருந்தால், ஓய்வில்லாமல் ஈன வைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால், அதுவே பதில்.

தடுப்பூசி அட்டையில் மருந்துப் பாட்டிலின் லேபிளும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேனாவால் எழுதிய தேதியை மட்டும் நம்ப வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ (வாந்தியும் ரத்தபேதியும் வரும் வைரஸ் நோய்) வந்தால் குளுக்கோஸ், ஊசி என்று ஆகும் செலவு குட்டியின் விலையையே தாண்டிவிடும், அப்படியும் பிழைக்கும் என்று உறுதியில்லை.

தெருவில் தாயை இழந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நேராகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகலாம். வீட்டில் வேறு நாய் இருந்தால், குட்டியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.