அச்சிட்ட பக்கத்தைப் போனிலேயே எழுத்தாக மாற்றுவது எப்படி?

கையில் இருக்கும் அச்சுப் பக்கத்தில் நாலு வரியைத் திருத்தி மறுபடி பயன்படுத்த வேண்டுமா? முழுவதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. போனும் கூகுள் கணக்கும் இருந்தால் போதும். படத்தில் தெரியும் எழுத்தைத் திருத்தக்கூடிய யூனிகோடு எழுத்தாக மாற்றித் தரும் இந்த நுட்பத்துக்கு எழுத்துணரி என்று பெயர். ஓசிஆர் என்றும் சொல்வார்கள்.

முதலில் படம். இதில் அவசரப்பட்டால் பிழை திருத்தும்போது அனுபவிக்க வேண்டியிருக்கும். தாளை மேசையில் சமமாக விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். பிளாஷ் வேண்டாம், வழவழப்பான தாள் அந்த இடத்தில் வெள்ளையாகிவிடும். போன் சாயாமல் தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும். மெல்லிய தாளில் பின்பக்க அச்சு தெரிந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மெய்யெழுத்துகளின் புள்ளி தெளிவாகத் தெரியவில்லையா? திரும்ப எடுங்கள்.

ஒரே பக்கம் என்றால் கூகுள் லென்ஸ் போதும். படத்தை லென்ஸில் திறந்து, எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, கூகுளின் ஆவணச் செயலியான டாக்ஸில் ஒட்டுங்கள். அவ்வளவுதான்.

பல பக்கங்கள் இருந்தால், கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவ்தான் வசதி. டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியில் பக்கங்களை வரிசையாக எடுத்தால் ஒரே பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளலாம். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. அப்புறம் பிரவுசரில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டு டிரைவ் தளத்துக்குப் போய், அந்தக் கோப்பின் மெனுவில் 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். சின்னத் திரையில் இது கொஞ்சம் எரிச்சலூட்டும். பக்கத்தில் கணினி இருந்தால் இந்த ஒரு கட்டத்தை அதில் முடித்துவிடுங்கள். அட்டவணையும் பத்திப் பிரிப்பும் பெரும்பாலும் கலைந்துதான் வரும்.

சரி, எழுத்து வந்துவிட்டது. இனி அசலைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தமிழில் வழக்கமான குழப்பம் காலுக்கும் 'ர'வுக்கும்: 'பாடம்' என்பது 'பரடம்' ஆகும். இது கண்ணில் பட்டுவிடும். 'எடு' என்பது 'ஏடு' ஆனாலோ, 'பணி' என்பது 'பனி' ஆனாலோதான் ஆபத்து. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி பிடிக்காது. எண்களும் அப்படித்தான்: 3 என்பது 8 ஆகியிருக்கலாம். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் டாக்ஸின் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' உதவும். ஆனால் தனி எழுத்தை மாற்றாதீர்கள், முழுச் சொல்லாகக் கொடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் றா, னா, துதிக்கை போட்ட லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். அவற்றில் பிழை கூடுதலாக வரும். கையெழுத்து என்றால் இன்னும் அதிகம். கிறுக்கலான குறிப்பை நேரே தட்டச்சு செய்வதே வேகம்.

டிரைவில் ஏற்றும் எதுவும் கூகுளின் சர்வருக்குப் போகிறது. வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை போன்றவற்றை இந்த வழியில் மாற்றாமல் இருப்பதே நல்லது.