அலுமாரிக்குள் பூட்டிய கதைப் புத்தகங்கள்: ஆரம்ப வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரம் 3 பிள்ளை ஒன்று பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசிக்கிறது. நமக்கும் சந்தோசம். அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கும். அது வாசிப்பு இல்லை, மனப்பாடம். டீச்சர் சொல்ல வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்வதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிப்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். வகுப்பில் 30 பேர் என்றால் நாளுக்கு 6 பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

கேட்கும்போது சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தாதீர்கள். 'மழை'யை 'மளை' என்று வாசிக்கும் பிள்ளைக்கு மழை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் தூங்கி எழும் பிள்ளை அது. வாக்கியம் முடியட்டும், அப்புறம் நாம் ஒரு தடவை சரியாகச் சொல்லிக் காட்டலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. கிழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கதைப் புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். நம் ஊர் ஈரத்துக்குப் பூட்டிக் கிடக்கும் புத்தகம்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று வெளியே எடுத்து, பேச்சுப் போட்டி நடத்தி, நவம்பரில் திரும்பவும் பூட்டிவிடுகிறோம். வகுப்புச் சுவரில் கயிறு கட்டி, அட்டைப் படம் தெரியும்படி தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

"வீட்டில் அமைதியான இடத்தில் உட்கார்ந்து வாசி" என்கிறோம். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஆறேழு பேர், ஒரு பல்பு, ஓடிக்கொண்டிருக்கும் டீவி. அந்த இடம் எங்கே இருக்கிறது? காலையில் முதல் 15 நிமிடத்தை வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கேள்வி வேண்டாம், சுருக்கம் எழுதுவது வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே, கதைக்கு எங்கே நேரம் என்று தரம் 4-இலேயே பழைய வினாத்தாள்களை அடுக்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வினாவை வாசித்து முடிக்கவே திணறும் பிள்ளை, தெரிந்த விடையைக்கூட எழுதாமல் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறது.

கல்விச் சுற்றுலா என்றதும் கொழும்பு, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று யோசிப்பது இன்னொரு பழக்கம். விடியுமுன்பே புறப்பட்டு, வளைவு வளைவாக இறங்கும் பாதையில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்து, மீதிப் பேர் தூங்கி, பார்த்தது என்னவென்று கேட்டால் பஸ்ஸில் போட்ட பாட்டைச் சொல்வார்கள். காசு கட்ட முடியாத பிள்ளை வீட்டில் இருக்கும்.

பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போகாத பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். அம்மா பறித்த கொழுந்து வாடி, அரைபட்டு, நிறம் மாறி, உலர்ந்து, சலித்து வருவதை அவர்கள் பார்த்ததே இல்லை. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று அங்கே நின்று சொன்னால், அம்மா நேற்று எடுத்த கொழுந்துக்கு எவ்வளவு தூள் வரும் என்று பிள்ளைகளே கணக்குப் போடத் தொடங்குவார்கள். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹக்கல தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1861-இல் மலேரியாவுக்கு மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. தலவாக்கலைக்குப் போகும் வழியில் டெவோன், சென்கிளையர் நீர்வீழ்ச்சிகளை வீதியோரத்தில் இறங்கி நின்றே பார்க்கலாம்.

மாதத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை. பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் கனமழை. இரண்டுக்கும் பெப்ரவரி, மார்ச் நல்லது. நேரம் மிச்சம் என்று சரிவான குறுக்குப் பாதையில் பஸ்ஸை விட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லப் பாதையில் பாடசாலைச் சுற்றுலா பஸ் மோதி, வேனிலும் ஓட்டோவிலும் வந்த 7 பேர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, பெற்றோர். கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு "யாரும் அக்கறை காட்டுவதில்லை" என்று குறை சொல்கிறோம். அந்த நேரத்தில் அம்மா தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்கிறார். வந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பின்னேரத்தில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வைத்துப் பாருங்கள். சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் காசு கேட்காதீர்கள்.

உதவிக்கு வரும் பெற்றோரிடம் புல் வெட்டவும் வர்ணம் பூசவும் மட்டும் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வகுப்பில் என்ன செய்வார் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு பிள்ளையின் அம்மாயி வந்து தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தின் ரதி, மன்மதன் கதையைச் சொன்னார். இடையிடையே பாடவும் செய்தார். பிள்ளைகள் அசையவில்லை. மறுநாள் ஆளுக்கு ஒரு வரி எழுதி, படம் வரைந்து, தாள்களை நூலால் தைத்துப் புத்தகமாக்கினோம். கயிற்றில் தொங்கும் புத்தகங்களில் அதுதான் அதிகக் கைகளுக்குப் போகிறது. இந்த வருடம் நூல் அறுந்துபோய், இரண்டாவது தடவையாகத் தைத்திருக்கிறோம்.