ஒரே ஒரு முறை வந்த பிழை: கேம் டெஸ்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரவணம்பட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், பணியில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண் ஒருவர், "மூணு தடவ பாத்தேனுங்கண்ணா, மறுபடி வரலைங்க" என்று சொல்லி, தாம் கண்ட பிழையைப் பதியாமலேயே அடுத்த வேலைக்குப் போனார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே சொல்லியிருக்கிறேன். எழுத்துப் பிழை, கவனக்குறைவு போன்றவற்றை எவரும் தாமே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மறுபடி வராத பிழையைப் பதியாமல் விடுதல்

அப்போது நான் சோதித்தது கைப்பேசியில் ஆடும் ஒரு விவசாய விளையாட்டு. ஒரு மாலையில், ஆட்டம் சேமிக்கப்படும் நொடியில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பியபோது, 30 நிலைகள் கடந்திருந்த தோட்டம் வெறும் நிலமாகக் கிடந்தது. மூன்று முறை முயன்றும் அது மறுபடி நிகழவில்லை. நாளொன்றுக்கு எத்தனை பிழைகள் ஏற்கப்பட்டன என்று கணக்குப் பார்த்த அந்த நிறுவனத்தில், 'மீண்டும் வரவில்லை' என்ற குறிப்போடு பதிவு திரும்பி வருவதை அவமானமாக எண்ணி, நான் பதியாமல் விட்டேன். ஆட்டம் வெளியான முதல் வாரத்திலேயே, தோட்டத்தை இழந்தவர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து அதே பிழையை எழுதினார்கள்.

அழைப்பு வந்ததும் ஆட்டம் பின்னணிக்குப் போகிறது. ரேம் போதாத கைப்பேசியில் ஆண்ட்ராய்டு அதை நிறுத்திவிடுகிறது. பழைய சேமிப்புக் கோப்பின் மேலேயே நேராக எழுதிக்கொண்டிருந்ததால் கோப்பு பாதியில் அறுந்தது. அதைப் படிக்க இயலாத ஆட்டம் புதிதாகத் தொடங்கியது. தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதிய பிறகே பழையதன் இடத்தில் வைப்பது என்ற திருத்தம் ஒரு நாளில் முடிந்தது. இழந்த தோட்டங்களை மட்டும் எவராலும் மீட்டுத்தர முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

மூன்று முயற்சிகளை நம்புவதுதான் இதன் வேர். பத்தில் ஒரு முறை வரும் பிழை, மூன்று முயற்சிகளிலும் வராமல் போக ஏறத்தாழ 73 விழுக்காடு வாய்ப்புண்டு. அதை ஒரு முறையாவது காண்போம் என்று 95 விழுக்காடு நம்புவதற்கு 29 முயற்சிகள் வேண்டும். எனவே 'ஒரு முறை வந்தது, 20 முயற்சிகளில் மீண்டும் வரவில்லை' என்று உள்ளபடியே எழுதுங்கள். பில்ட் (சோதனைக்குத் தரப்படும் ஆட்டத்தின் பதிப்பு) எண், கைப்பேசி மாடல், லாக் கோப்பு (ஆட்டம் ஓடும்போது நடப்பவை பதிவாகும் கோப்பு), அந்த நேரத்தில் வந்த அழைப்பு அல்லது அறிவிப்பு ஆகியவற்றையும் சேருங்கள். திரைப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

நான் குறிப்பிட்ட பெண்ணின் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். துணியில் ஓட்டை கண்டால், அடுத்த உருப்படியிலும் அது வருகிறதா என்று அவர் காத்திருப்பதில்லை. கண்ட இடத்திலேயே அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார். அதைச் சொன்னதும் இவர் திரும்பிப் போய்ப் பதிந்தார்.

பழைய பில்டில் சரிபார்த்தல்

திருத்தம் எந்த பில்டில் சேர்ந்தது என்று பார்க்காமல் பிழையை மூடாதீர்கள்.

எல்லைகளைத் தொடாமல் விடுதல்

1980இல் வந்த பேக்-மேன் என்ற வீடியோ விளையாட்டில் நிலை எண், 255 வரை மட்டுமே கொள்ளும் 8 பிட்டுகளில் வைக்கப்பட்டிருந்ததால், 256ஆம் நிலையில் திரையின் வலப்பாதி குலைந்து, ஆட்டம் தொடர முடியாமல் போனது. பை நிரம்பும்போதும், நாணயம் சுழியாகும்போதும், கைப்பேசியின் தேதியை மாற்றும்போதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கடுமையையும் அவசரத்தையும் ஒன்றாக்குதல்

பிழை ஆட்டத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பது கடுமை; எவ்வளவு விரைவில் திருத்த வேண்டும் என்பது அவசரம். முகப்பில் ஆட்டத்தின் பெயரே தவறாக இருந்தால் கடுமை குறைவு, அவசரம் மிக அதிகம்.

வெளியே காட்டுதல்

வெளியாகாத ஆட்டத்தின் ஒரு படத்தைக்கூட வீட்டாருக்கும் அனுப்பக் கூடாது.