பாடிக்கொண்டே கிரிவலம் போக, இடுப்பில் ஒரு மைக் செட்

திருவண்ணாமலையில் மாதம் ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஒன்பது பேர் பதிகம் பாடிக்கொண்டே கிரிவலம் போகிறோம். 14 கிலோமீட்டர். நான் முன்னால் நடந்து ஒரு அடி பாடுவேன், பின்னால் வருகிறவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். ஆரம்பத்தில் வெறும் தொண்டைதான். செங்கம் சாலையில் ஒரு பஸ் கடந்து போனால் போதும், கடைசியில் வருகிறவருக்கு ஒன்றும் கேட்காது. அவர் ஒரு சுருதியில் எடுப்பார், நான் வேறொன்றில் இருப்பேன். அடி அண்ணாமலை வருவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

இப்போது என் இடுப்பில் ஒரு பெல்ட் இருக்கிறது. அதில் சின்ன ஸ்பீக்கர், தம்பூரா ஓடும் பழைய போன், பவர் பேங்க் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. சட்டையில் ஒரு ரெக்கார்டர். காதோரம் ஒரு மைக், இடது காதில் ஒரு இயர்போன். என் தொழில் தையல். பெல்ட்டை நானே தைத்தேன். மின்சாதன விஷயமெல்லாம் நடந்து பார்த்து, கெட்டுப்போய், சரிசெய்து தெரிந்துகொண்டவை. பஜனைக் குழு, பாதயாத்திரைக் குழு வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நடுவழியில் மைக் நின்றால் தொண்டையை வைத்துச் சமாளிக்கலாம். சுருதி நின்றால் ஒன்பது பேரும் கலைந்துபோவோம். அதனால் எதை வாங்கினாலும், எங்கே வைத்தாலும், ‘இதனால் சுருதி நிற்குமா?’ என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

சுருதிக்கென்று தனி போன் வையுங்கள். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்ட் போதும், ஆனால் 3.5 மி.மீ. இயர்போன் துளை இருக்க வேண்டும். சிம்மைக் கழற்றிவிடுங்கள். தம்பூரா செயலியை ஏற்றி, இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்து பாட்டு நிற்காது, விளம்பரமும் குறுக்கே வராது. பேட்டரி சேமிப்பு அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் செயலியைத் தானாக மூடிவிடும்.

சொந்த போனை இந்த பெல்ட்டில் வைக்கவே வேண்டாம். மைக் ஒயருக்கு எதிர்ப்பக்கமாகச் சட்டைப் பையில் இருக்கட்டும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் 2ஜிக்கு இறங்கினால் நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும். பக்கத்தில் இருக்கும் மைக் ஒயர் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் ‘டிட்டிட் டிட்டிட் டுர்ர்’ என்று கக்கும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஸ்பீக்கர், டீச்சர்கள் வகுப்பில் கட்டிக்கொள்கிறார்களே, அதுதான். நான் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். மைக்கும் ஆக்ஸும் (போனிலிருந்து வரும் ஒயரைச் செருகும் துளை) ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். சில மாடலில் ஆக்ஸில் ஒயரைச் செருகியதும் மைக் செத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் வேண்டும். அப்புறம், மைக் ஒயரோடு இருக்க வேண்டும். ப்ளூடூத் வழியாக வரும் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் வெளியே வரும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் இருந்தாலே நம் குரல் நம்மையே தடுக்கும், நாக்கு குழறும். தம்பூராவுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் தாளம் கிடையாது, ஒரே நாதம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு தாமதித்தாலும் தெரியாது. அதனால் ஒயர் பிடிக்காதவர்கள் சுருதியை மட்டும் ப்ளூடூத்தில் அனுப்பலாம். நான் ஒயரில்தான் அனுப்புகிறேன். ப்ளூடூத் அறுந்து போனால் மறுபடி இணைக்க நின்று கையைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது.

இனி இணைப்பு. என்னை ரொம்ப அலைக்கழித்தது இதுதான்.

போனிலிருந்து வரும் சுருதி இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்: என் காதுக்கும் ஸ்பீக்கருக்கும். கடையில் கிடைக்கும் ஒய் வடிவப் பிரிப்பான் அதற்குப் போதும். ஆனால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கத்தான் அது. இரண்டு போனை அதில் செருகி ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஒரு போனின் வெளியீடு இன்னொன்றைத் தள்ளும். சத்தம் குறையும், கரகரக்கும், போனுக்கும் நல்லதல்ல.

நான் பிரிப்பானைப் போட்டு ஸ்பீக்கரில் செருகியதும் இயர்போனின் வலது பக்கம் ஊமையாகிவிட்டது. இயர்போன்தான் போயிற்று என்று இரண்டு மாற்றினேன். கடைசியில் எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்பவர் பிளக்கைப் பிரித்துக் காட்டினார். இயர்போன் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி, நடுவில் ஒரு வளையம், அடியில் உருளை என்று கறுப்புக் கோடுகள் பிரித்திருக்கும். நுனி இடது காது, வளையம் வலது காது, அடி எர்த், அதாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. என் ஸ்பீக்கரின் துளை மோனோ, அதாவது இடது வலது என்று பிரிக்காத ஒரே தடம். அதற்குள் போனதும் வளையமும் அடியும் ஒட்டிக்கொள்கின்றன. அதாவது வலது பக்க வெளியீடு நேராக எர்த்தில் இறங்குகிறது.

அவர் செய்து கொடுத்த ஒயர் இதுதான்: ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் மோனோ பிளக். நுனியிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), வளையத்திலிருந்து இன்னொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டின் மறு கால்களும் சேர்ந்து மோனோ பிளக்கின் நுனிக்கு. எர்த் நேராக எர்த்துக்கு. ரெசிஸ்டர் இரண்டும் அரிசி மணி அளவுதான், பிளக்கின் மூடிக்குள்ளேயே அடங்கிவிட்டன. 150 ரூபாய் வாங்கினார். அன்றிலிருந்து இயர்போனின் இரண்டு பக்கமும் கேட்கிறது, ஸ்பீக்கரிலும் சுருதி சுத்தமாக வருகிறது. ஸ்பீக்கரின் துளை ஸ்டீரியோ என்றால் இது தேவைப்படாது. ஆனாலும் அரைமணி வேலைதான், செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். போனையும் ஸ்பீக்கரையும் ஒரே பவர் பேங்கில் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஆடியோ ஒயரும் ஓடினால் ‘ங்ஙீ’ என்று ஒரு மெல்லிய கீச்சு கேட்கும். எர்த் இரண்டு வழியாகச் சுற்றிவருவதால் வருவது அது. சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும்போது பாடுகிறவர் காது தடுமாறும். பாடும்போது ஸ்பீக்கர் அதன் சொந்த பேட்டரியில் ஓடட்டும். முந்தின இரவே முழுதாக ஏற்றிவிட்டால் என்னுடையது நாலரை மணி நேரம் வருகிறது, எங்கள் நடைக்கு அது போதும். பவர் பேங்க் போனுக்கு மட்டும்.

10,000 எம்.ஏ.எச். என்று பவர் பேங்கில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது 6,000 முதல் 6,500 வரைதான் கிடைக்கும். பழைய போனுக்கு அதுவே தாராளம், பெரிதாக வாங்கி எடையைச் சுமக்க வேண்டாம்.

ரெக்கார்டரை மட்டும் பவர் பேங்கில் நம்பி விடாதீர்கள். ஒரு மாதம் அதற்கு பேட்டரி செல் போடாமல் பவர் பேங்க் ஒயரில் ஓட்டினேன். மிகக் குறைந்த கரண்ட் இழுக்கும் கருவியைப் பவர் பேங்க் ‘ஒன்றும் செருகவில்லை’ என்று எண்ணித் தானாக அணைந்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு நிமிடப் பதிவு கூட இல்லை. எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் அன்றைக்குத்தான் தனியாக ஒரு பதிகம் பாடினார். அடுத்த மாதம் அவரால் நடக்க முடியவில்லை. அந்தக் குரல் என்னிடம் இல்லை. புதுச் செல் இரண்டு போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ரெக்கார்டரைச் சட்டையில் இரண்டாவது பட்டன் உயரத்தில் குத்தினால் எல்லோர் குரலும் ஓரளவு சமமாக விழுகிறது.

பெல்ட்டுக்கு வருவோம். நான்கு அங்குல அகலத்தில் கேன்வாஸ், இரட்டை மடிப்பு. உடம்பில் படும் பக்கம் காடா துணி, வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். நீளம் இடுப்பு அளவோடு ஐந்து அங்குலம் கூட. அந்த ஐந்தும் வெல்க்ரோவுக்கு. வேட்டி மேல் கட்டுவதால் வேட்டிக்கு உள்ளே தனி பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், இந்த எடை வேட்டியை இழுக்கக்கூடாது.

போன் பை இடது முன்பக்கம். போனின் நீளத்தைவிட ஒரு விரல் குறைவாகத் தைத்தால் எடுக்கப் பிடி கிடைக்கும். பையின் மேல் மூலையில் ஒரு காஜா (பட்டன் துளை) எடுத்து, பிளக் ஒயரை அதன் வழியாக வெளியே விடுங்கள். மூடியை மூடினாலும் ஒயர் மடங்காது. பிளக் இருக்கும் முனை மேல்நோக்கி இருக்கட்டும். கீழே இருந்தால் உட்காரும்போது பிளக்தான் முதலில் வளையும். பவர் பேங்க் வலது முன்பக்கம், அப்போதுதான் எடை ஒரு பக்கம் சாயாது. இரண்டுக்கும் நடுவே நாலு அங்குலத்துக்கு ஒரு நாடா வளையம் வைத்து ஒயரை அதற்குள் விடுங்கள்.

ஸ்பீக்கர் முதுகுப் பக்கம்! முதல் மாதம் எல்லோரையும் போல வயிற்றுக்கு முன்னால் கட்டினேன். எமலிங்கத்தில் கும்பிடக் குனிந்தேன், வாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்தது, ‘கூஊ’ என்று ஊளை. சன்னிதியில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வரும் சுற்று அது. முதுகுப் பக்கம் கட்டினால் நடுவில் உடம்பே தடுப்பாக நிற்கிறது. கேட்க வேண்டியவர்களும் பின்னால்தான் வருகிறார்கள். வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்தாலே கடைசி ஆள் வரை போகிறது. ஸ்பீக்கர் பைக்கு முகப்பில் வலைத் துணி போடுங்கள், கெட்டித் துணி போட்டால் பாட்டின் சொல் புரியாது.

மைக் ஒயர் காதிலிருந்து பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கி நேராக ஸ்பீக்கருக்குப் போகட்டும். கை வீசும்போது எதிலும் மாட்டாது. நீளத்தை நிமிர்ந்து நின்று அளக்காதீர்கள். நன்றாகக் குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டு, வேறொருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். சட்டைக்கு முதுகு அளவு எடுக்கும்போது நாங்கள் கையை முன்னால் நீட்டச் சொல்வது இதற்காகத்தான்.

மைக்கின் நுனி வாய்க்கு நேரே வேண்டாம். உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னத்தை ஒட்டி இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் ‘பொஃப்’ என்று காற்று அடிக்கும். கறுப்பு ஸ்பாஞ்ச் மூடியைக் கழற்றாதீர்கள், கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள்.

சுருதியின் அளவு பற்றி ஒரு சொல். நான் பாடும் சுருதி ஒன்றரை கட்டை. ஆதார சட்ஜம், அதாவது ‘ச’, சுமார் 139 ஹெர்ட்ஸ், தம்பூராவின் மந்தர சட்ஜம் அதில் பாதி. கையளவு ஸ்பீக்கரால் அந்த அடிநாதத்தைத் தர முடியாது. அது வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் கரகரப்புதான் வரும். செயலியில் பஞ்சமத்தின் (‘ப’) சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், காது சட்ஜத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

ஒரு காதில் மட்டும் இயர்போன். நான் இடது காதில் போடுகிறேன், சாலையின் இடது ஓரம் நடப்பதால் வண்டிகள் வரும் வலது காது திறந்திருக்கும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தை எல்லையாகச் சொல்கிறது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

நாங்கள் ஆறு மணிக்குப் பிறகுதான் ஸ்பீக்கரைப் போடுகிறோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பௌர்ணமி இரவில் போகிறவர்கள் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு, காதில் சுருதியை மட்டும் கேட்டு மெல்லப் பாடி நடக்கலாம். அதுவும் தனி சுகம். ரமணாசிரமம் வரும்போது பகலானாலும் நான் அணைத்துவிடுகிறேன். அங்கே கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களின் அமைதிமேல் என் பாட்டு விழ வேண்டாம். ஆசிரமம் தாண்டியபின் மறுபடி எடுப்போம்.

கிளம்பும்போது வரிசை இது: எல்லா வால்யூமும் பூஜ்யம், ஒயர்களைச் செருகு, சுருதியை ஓடவிடு, ஸ்பீக்கரைப் போடு, சுருதியை ஏற்று, கடைசியில் மைக்கை ஏற்று, ஒரு தடவை குனிந்து பார். போனும் பவர் பேங்கும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் போகட்டும். மழைக்கு மட்டுமல்ல, வியர்வைக்கும்தான். திரும்பி வந்ததும் பெல்ட்டைத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். ஸ்பாஞ்சைச் சோப்பு நீரில் அலசி நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ரெக்கார்டரிலிருந்து செல்லைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன், அன்றைய பதிவை வேறு இரண்டு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.